டிராவலர் வேனுக்குள் தூங்கினால் விடியற்காலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, என்ன செய்யலாம்?

வேன்வாசி:
பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, ஒரு வருடமாகச் சனி ஞாயிறுகளில் நானே வேலை பார்த்துக் கட்டில், அடுப்பு மேடை எல்லாம் போட்டிருக்கிறேன். போன ஜனவரியில் நானும் மனைவியும் ஊட்டிப் பக்கம் ஓர் இரவு தங்கினோம். வெளியே உறைபனி, அதனால் ஜன்னல்களை இறுக்கி மூடிவிட்டோம். விடியற்காலை முகத்தில் சொட்டு விழுந்து எழுந்து டார்ச் அடித்தால், கூரையில் ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். மெத்தைக்கு அடியில் பிளைவுட்டும் நனைந்திருந்தது. மழையும் இல்லை, கூரையில் ஓட்டையும் இல்லை. அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்து உயரமான மலைப்பகுதியான ஸ்பிதிக்குப் போக வேண்டும். தெர்மோகோலை இன்னும் தடிமனாகப் போட்டு, சின்ன கேஸ் ஹீட்டர் வைத்தால் சரியாகுமா?

மலைப்பாதை:
அது நீங்கள் இருவரும் விட்ட மூச்சுதான் நண்பரே. தூங்கும்போது ஒருவரிடமிருந்தே ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு ஈரம் வெளியேறும். ஜன்னலை மூடியதால் அது போக வழியில்லை. கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், கூடவே எதிர்க்கோடியில் தரையை ஒட்டிக் காற்று உள்ளே வர ஒரு வழி. அது இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். எவ்வளவு குளிரானாலும் இரவு முழுக்க மெதுவாக ஓடட்டும். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை வேண்டாம், இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடியுங்கள்.

டக்ட் வேலைக்காரன்:
ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் என்று எழுதினீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. ஸ்க்ரூ வழியாக உள்ளிருக்கும் சூடு வெளியே ஓடிவிடும், அதன் தலை சில்லென்று ஆனதும் ஈரம் அங்கேதான் படியும். தெர்மோகோலைத் தடிமனாக்கிப் பயனில்லை, வளைந்த தகட்டோடு அது ஒட்டாது, இடுக்கில் ஈரக்காற்று புகுந்து துருப்பிடிக்கும். ஏசி டக்டில், அதாவது குளிர்காற்று போகும் தகரக் குழாயில், சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், 19 மி.மீ., அதைப் போடுங்கள். தகட்டைத் தின்னரால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, இணைப்புகளில் டேப் போடுங்கள். குறுக்குச் சட்டங்களையும் விட்டுவிடாமல் மூடுங்கள். கிளாஸ்வூல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு வேண்டவே வேண்டாம், ஈரத்தைக் குடித்துத் தொங்கிவிடும்.

பனிச்சாரல்:
கேஸ் ஹீட்டரை மறந்துவிடுங்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேனுக்குள்ளேயே சேரும், காய்வதற்குப் பதில் இன்னும் நனையும். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் இருப்பவர் எழுவதே இல்லை. ஸ்பிதி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அடுப்பே சரியாக எரியாது. 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் போடுங்கள். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும், உள்ளே வருவது உலர்ந்த வெப்பம் மட்டும். மணிக்குக் கால் லிட்டர் டீசல்கூட ஆகாது. உயரத்துக்கு ஏற்ப டீசல் அளவைக் குறைக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள், இல்லையென்றால் கரி அடைத்துக்கொள்ளும். எது போட்டாலும் தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

வேன்வாசி:
எல்லோருக்கும் நன்றி, கேஸ் ஹீட்டரை விட்டுவிட்டேன். நேற்று ஒரு மூலையில் தெர்மோகோலைப் பிரித்தேன், பின்னால் தகட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துரு. சுரண்டி பிரைமர் அடித்திருக்கிறேன். ஹீட்டருக்கு வண்டி டாங்கிலிருந்தே டீசல் எடுக்கலாமா?

பனிச்சாரல்:
எடுக்கலாம். ஆனால் உறிஞ்சு குழாயை டாங்கின் அடிவரை இறக்காமல், கால் டாங்க் மட்டத்தோடு நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினாலும் மலையிறங்க டீசல் மிஞ்சியிருக்கும்.