பரோட்டாக் கடை எண்ணெய் டின்னில் பதினாறு டிராயர்

வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் எண்ணெய் டின்களை வெட்டி ஒரு டூல்ஸ் அலமாரி செய்து வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "கையை வெட்டாதா?" என்பதுதான். அடுத்தது, "துரு பிடிக்காதா? நம்ம ஊர்க் காத்துக்கு இரும்பே நிக்காதே." நான் இருப்பது தூத்துக்குடி. உப்புக் காற்று இங்கே என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்தவர் ஒரு தகரப் பட்டறை அண்ணாச்சி. அவரைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் டின். ஹோட்டல்களுக்கு எண்ணெய் வருகிற 15 கிலோ சதுர டின் எல்லோருக்கும் தெரியும். அடி ஏறக்குறைய ஒன்பதே கால் இஞ்ச் சதுரம், உயரம் பதின்மூன்றரை இஞ்சுக்குச் சற்று மேலே. பழைய பர்மா ஷெல் மண்ணெண்ணெய் டின்னின் வாரிசு இது. அந்த டின்னில் எங்கள் ஆச்சி வெந்நீர் காய்ச்சியிருக்கிறாள், நெல் அளந்திருக்கிறாள், அதை வெட்டி விரித்துக் கோழிக்கூட்டுக்குக் கூரையும் போட்டிருக்கிறாள். ஒரு முறை எண்ணெய் அடைத்த டின்னில் மறுபடியும் சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அதனால் நம்மைப் போன்றவர்கள் டின்னை வாங்கி வேறு வேலைக்குத் திருப்புவது நல்ல காரியம்தான். எங்கள் தெரு முனைப் பரோட்டாக் கடையில் சொல்லி வைத்தேன். நசுங்காத டின்னாகப் பார்த்து எடுத்து வைத்தார்கள். எட்டு டின் சேர்ந்ததும் வேலையைத் தொடங்கினேன்.

டின்னை நெடுக்காக நடுவில் வெட்டினால் இரண்டு தட்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு டிராயர். எட்டு டின்னுக்குப் பதினாறு. டின்னின் அடிப்பாகம் டிராயருக்கு முகப்பாக முன்னால் வரும், மூடி உள்ள பக்கம் பின்னால் போய்விடும். மூடி ஓட்டை வழியாகச் சின்ன ஸ்க்ரூ விழாமல் இருக்க, வெட்டிய தகரத்தில் ஒரு துண்டு எடுத்து இரண்டு பாப் ரிவெட் (துளையில் செருகி இறுக்குகிற தறையாணி) அடித்தால் போதும். பக்கவாட்டு இணைப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அது தட்டின் அடியில் வரும்படி கோடு போட வேண்டும். வெட்டுகிற கோட்டில் இணைப்பு வந்தால் கத்தரி அங்கே திணறும்.

தகரத்தின் கனம் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கத்தரி சுகமாகப் போகும். ஆனால் அடித்தகடும் மேல்தகடும் உடம்போடு சேருகிற விளிம்பு அப்படி இல்லை. அங்கே தகரம் ஐந்து மடிப்பாக இருக்கும்: தகட்டின் தகரம் மூன்று, உடம்பின் தகரம் இரண்டு. ஒரு டின்னில் வெட்டுக்கோடு இந்த விளிம்பை நான்கு இடத்தில் கடக்கும். அந்த நான்கு இடத்தையும் ஹேக்சா பிளேடால் முதலில் அறுத்துவிட வேண்டும். அப்புறம் கத்தரி வைத்தால் ஒரே ஓட்டமாக வெட்டிவிடலாம். கிரைண்டரில் வெட்டலாமே என்று பலர் கேட்டார்கள். வேண்டாம் என்பேன். மெல்லிய தகரம் அதிரும், பிசிறு அடிக்கும், வெட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளீயப் பூச்சு உருகிப் போய்விடும். வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும், கிரைண்டர் பொறி அதைவிட எவ்வளவோ சூடு. ஸ்னிப்ஸ் என்கிற தகரக் கத்தரி வாங்குகிறவர்கள் கைப்பிடி நிறத்தைக் கவனித்து வாங்குங்கள். சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக. இந்த வேலைக்கு மஞ்சள் ஒன்று இருந்தால் போதும்.

வெட்டிய தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் என்ன செய்வது என்று கேட்கத்தான் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். புனல், முறம், அரிசி டிரம், பாய்லர்ப் புகைக்குழாய் என்று தகரத்திலேயே காலம் தள்ளியவர். ஓரத்தில் ரப்பர் பீடிங் மாட்டலாமா, டியூபைக் கீறிச் செருகலாமா என்று நான் கேட்டதை அவர் காதிலேயே வாங்கவில்லை. தட்டை வாங்கி விரல் நகத்தால் ஓரத்தை ஒரு தரம் உரசிப் பார்த்தார்.

"தம்பி, தகரத்த வெட்டுறது ஒரு வேலையே இல்ல. வெட்டுன ஓரத்த மடக்குறதுதான் வேலை."

அவருக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு கிடந்தது, கையில் கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல். தட்டின் வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே ஆணியால் சுற்றி ஒரு கோடு கீறினார். நான்கு மூலையிலும், மடிப்பு ஒன்றோடொன்று முட்டாதபடி, அந்தக் கோடு வரைக்கும் சாய்வாக ஒரு வெட்டு. கனமான ஐந்து மடிப்பு விளிம்பு வருகிற இடத்தில் கோடு வரைக்கும் அறுத்து எடுத்து அரத்தால் ராவினார். அப்புறம் கோட்டைத் தண்டவாளத்தின் விளிம்பில் பொருத்தி, கொட்டாப்புளியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கவில்லை. முழு நீளத்தையும் கொஞ்சம் சாய்த்து, திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் சாய்த்து, மூன்றாவது போக்கில் செங்குத்தாக்கினார். ஒரே இடத்தில் அடித்தால் அந்த இடம் நீண்டு, ஓரம் அலை அலையாகிவிடுமாம். பிறகு தட்டைப் புரட்டி மடிப்பை வெளிப்பக்கமாகவே மூடினார். உள்பக்கம் வழுவழு என்று ஆகிவிட்டது.

மடக்குவதற்கு முன் தட்டின் இரண்டு முனையைப் பிடித்தால் அட்டை மாதிரி நெளியும். மடக்கியதும் அதே தகரம் விறைத்து நிற்கிறது. என் கையில் கொடுத்து, "இப்ப திருகிப் பாரு" என்றார். திருக முடியவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம். இரும்பு ஒரு துளி கூடச் சேர்க்கவில்லை, இருந்ததை மடக்கியதிலேயே அவ்வளவு பலம்.

பெரிய தட்டாக இருந்தால் ஓரத்தில் கம்பி வைத்துச் சுருட்ட வேண்டும் என்றும் சொன்னார். கம்பியின் கனத்தைப் போல இரண்டரை மடங்கு தகரம் விட வேண்டும். 3 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏழரை மில்லிமீட்டர். நம் டிராயருக்கு வெறும் மடிப்பே போதும். மீதிப் பதினைந்து தட்டையும் அவர் பட்டறையிலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க நானே மடக்கினேன். கூலி வேண்டாம் என்றார். வற்புறுத்தித்தான் கொடுக்க முடிந்தது.

இனி துரு. தகர டின் என்பது உள்ளே இரும்பு, மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும் வரை துரு வராது. வெட்டிய ஓரத்தில் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேறு சாதி. அதில் கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படிச் செய்யாது. ஈரம் பட்டால் கீறல் விழுந்த இடத்தில் இரும்பைத்தான் முதலில் அரிக்க விடும். அதனால் இங்கேயும் மடிப்புதான் நம்மைக் காப்பாற்றுகிறது. வெட்டு வாய் மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது, அதன் மேல் பிரைமரும் பெயின்ட்டும் நன்றாக ஊறிவிட்டால் காற்றுக்கு அங்கே வழியில்லை. மடிப்பை முழுக்க மூடுவதற்கு முன் உள்ளே பிரஷ்ஷை ஓட்டிவிடுவது இன்னும் நல்லது.

பெயின்ட் நிற்க வேண்டுமானால் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். கடையிலிருந்து வருகிற டின்னில் எண்ணெய் காய்ந்து பிசின் போல ஒட்டியிருக்கும், வெறும் சோப்புக்கு அது அசையாது. முதலில் மரத்தூளைப் போட்டுத் துடைத்து, கொதிக்கும் நீரில் வாஷிங் சோடா கரைத்து ஊற வைத்துத் தேய்த்தேன். பிசுக்கு போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது: தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்கக் கூடாது, ஏடு போலப் பரவ வேண்டும். பரவும் வரை விடாதீர்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய், ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டிங், எனாமல் இரண்டு கோட்டிங். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் அடிக்க உட்காராதீர்கள், ஈரத்தில் காயவே காயாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல், தின்னர், டர்பன்டைன் இருந்த டின் காலியாகத் தெரிந்தாலும் அதில் கிரைண்டரோ வெல்டிங்கோ வைக்காதீர்கள். திரவம் போன பிறகும் ஆவி உள்ளேயே தங்கும். அது காற்றைவிடக் கனம், தானாக வெளியேறாது. ஒரு பொறி போதும், டின் வெடிக்கும். பூச்சி மருந்து டின்னை எதற்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். சமையல் எண்ணெய் டின் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த விஷப் பரீட்சை எதற்கு?

அலமாரியின் சட்டத்துக்கு காயலான் கடையில் பழைய ஸ்லாட்டட் ஆங்கில் (வரிசையாகத் துளை போட்ட L வடிவ இரும்புப் பட்டை) எடுத்தேன். டிராயர் ஓடுவதற்கு இரண்டு பக்கமும் முக்கால் இஞ்ச் ஆங்கில். ஒரு டிராயருக்கும் அடுத்ததற்கும் ஐந்தே கால் இஞ்ச் விட்டால் கை நுழைய இடம் இருக்கும். எட்டு அடுக்கு, இரண்டு வரிசை, மொத்த உயரம் மூன்றரை அடி. மேலே பலகை போட்டால் நின்றபடி வேலை செய்ய மேஜையும் ஆயிற்று. முகப்பு விளிம்பு உடம்பைவிட அரை நூல் (இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு) வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதை அறுத்துவிடாதீர்கள். டிராயரைத் தள்ளும்போது அது ஆங்கிலின் நுனியில் முட்டி நிற்கும், தனியாக ஸ்டாப்பர் தேவையில்லை. நான்கைந்து டிராயரை ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் அலமாரியே முன்னால் சாயும். சுவரில் இரண்டு கிளாம்ப் அடித்து இறுக்கிவிடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது கட்டாயம்.

எடை விஷயத்தில் பலர் ஏமாந்துவிடுவார்கள். ஒரு டிராயரின் கொள்ளளவு எட்டு லிட்டருக்கு மேல். அதை நட்டு போல்ட்டால் நிரப்பினால் இடையில் பாதி காற்றாக இருந்தாலும் 30 கிலோவைத் தாண்டிவிடும். கால் மில்லிமீட்டர் தகரம் அதற்கு வளையும். நட்டு போல்ட்டை டிராயரில் மூன்று விரற்கடைக்கு மேல் போடுவதில்லை. அடியில் ஒரு பிளைவுட் துண்டும் போட்டிருக்கிறேன். கனமானவை கீழ் அடுக்கில். கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்பானர் எல்லாம் இடுப்பு உயரத்தில். அரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தால் பல் மழுங்கும், அதற்குத் தனி டிராயரில் மரச்சட்டம் வைத்துப் பள்ளம் எடுத்தேன். டிரில் பிட்டுகளுக்குப் பால் பவுடர் டின் போதும், மூடியும் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவதைவிட, அதிலிருந்து ஒன்றை எடுத்து முகப்பில் துளை போட்டு மாட்டிவிடுவது நல்லது. போல்ட் டிராயரில் ஒரு போல்ட், வாஷர் டிராயரில் ஒரு வாஷர். கைப்பிடிக்குத் தனியாக எதுவும் வாங்காமல் அந்த போல்ட்டையே பிடித்து இழுக்கிறேன். என் மகள் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளும் முன்பே, "அந்த வாஷரை எடும்மா" என்றால் சரியான டிராயரைத் திறந்தாள்.

டூல்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் துணியில் நனைத்து ஒரு துடைப்பு போதும். டிராயருக்கு ஒரு கற்பூரத் துண்டு பழைய ஆசாரிகளின் வழக்கம், நானும் போட்டு வைக்கிறேன். இத்தனை மழைக்காலம் கடந்தும் டிராயர் ஓரங்களில் துரு இல்லை. துரு வந்தது ஒரே இடத்தில், நான் மடக்காமல் வெறுமனே ரிவெட் அடித்த அந்த மூடி ஓட்டைத் துண்டுகளில். அவற்றையும் இப்போது ஓரம் மடக்கியே போடுகிறேன்.

அடுத்து 200 லிட்டர் டிரம்மை நிறுத்தி வைத்து, கதவு வைத்த அலமாரியாக்கும் எண்ணம் இருக்கிறது. அந்தத் தகடு கனம், கொட்டாப்புளிக்கு மடங்காது. செய்து பார்த்தவர்கள் இருந்தால், வளைந்த கதவின் ஓரத்தை எப்படி முடித்தீர்கள், கீல் எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.