அம்மா குடுத்த கிட்னியில பழைய வருத்தம் திரும்பி வந்திற்று

களுவாஞ்சிக்குடி அக்கா:
தம்பிக்கு எஃப்எஸ்ஜிஎஸ் வருத்தத்தால (கிட்னிக்குள்ள ரத்தத்தை வடிக்கிற வடி தழும்பாகிற வருத்தம்) ரெண்டு கிட்னியும் பழுதாகி, அம்மாட கிட்னியை வெச்சது. நல்லாத்தான் இருந்தவன். இப்ப மூத்திரத்தில நுரை கட்டி அடங்குதே இல்ல. கணுக்காலை அமத்தினா குழி அப்பிடியே நிக்குது. ரத்தத்தில கிறியற்றினின் எண்ட கழிவு பெரிசாக் கூடல்ல, புரதம்தான் அள்ளுகொள்ளையாப் போகுது. பயொப்சி எடுத்துப் பாத்திட்டு பழைய வருத்தம்தான் எண்டுறாங்க.

"வயசான மனிசிட கிட்னி, தாங்கல்ல" எண்டு சொந்தக்காரர் அம்மாட முகத்துக்கு நேர சொல்லிற்றாங்க. அவ சோறே தின்னுறா இல்ல. மாத்திரையை நிப்பாட்டி நாட்டு மருந்து பாப்பம் எண்டுறார் மாமா. என்ட கிட்னியைக் குடுத்தா சரிவருமா?

காரைதீவு தம்பி:
அக்கா, மாத்திரையில மட்டும் கைவைக்க விட்டிராதீங்க. வெச்ச கிட்னியை உடம்பு எதிர்க்காமக் காக்கிற டக்ரோலிமஸ் மாத்திரை நிண்டா உடம்பே அந்தக் கிட்னியை எதிர்க்கும், ரெண்டு சண்டையாப் போயிரும். நாட்டு மருந்தெண்டு காமரங்காய்ச் சாறு குடுத்திராதீங்க, அது நல்ல கிட்னியையே கெடுக்கும். ரத்தத்தில அந்த மருந்திட லெவல் பாக்கக்குள்ள காலை மாத்திரை போட முதல் ரத்தம் குடுக்கணும். ராப் பஸ்ஸில போய் இறங்கி, மாத்திரையைப் போட்டுட்டு லைன்ல நிக்கிற ஆக்களைக் கண்டிருக்கன். லெவல் கூடித்தான் காட்டும்.

எனக்கு ஐஜிஏ எண்ட வேற கிட்னி வருத்தம், நானும் கிட்னி மாத்தின ஆள்தான். அதுவும் திரும்பி வாறதுதான், ஆனா மெல்ல.

மட்டக்களப்பு நேர்ஸ்:
தங்கச்சி, முதல்ல அம்மாக்குச் சொல்லுங்க, அவட கிட்னியில ஒரு பிழையும் இல்ல. அந்த வடியைக் கெடுக்கிறது தம்பிட ரத்தத்தில ஓடுற ஒரு பொருள். 2012இல சிக்காகோ டொக்டர்மார் எழுதினாங்க: இதே வருத்தக்காரப் பொடியனுக்கு சகோதரிட கிட்னியை வெச்சு, உடனேயே வருத்தம் திரும்பிற்று. அதே கிட்னியைக் கழட்டி வேற ஒருத்தருக்கு வெச்சாங்க. அவருக்குள்ள அது தேறி வேலை செஞ்சிது. யார்ர கிட்னியை வெச்சாலும் 100 பேர்ல 30 பேரளவில இது திரும்பும். நீர்க்கட்டி வருத்தத்தால கிட்னி போன ஆக்களுக்கு அப்பிடித் திரும்பாது.

உங்கட கிட்னியைப் பற்றி இப்ப யோசிக்கவே வேணாம். முதல் கிட்னி இதால போனா, ரெண்டாவதிலயும் வாறதுக்கு இன்னும் கூடச் சான்ஸ். இருக்கிறதைக் காப்பாத்தத்தான் பாக்கணும். பிளாஸ்மா (ரத்தத்தில இருக்கிற நீர்ப்பகுதி) மாத்துறதும், எதிர்ப்புச் சக்தியை அடக்கிற ரிற்றுக்சிமாப் ஊசியும் சில பேருக்கு நல்லாக் கைகுடுக்கும். எல்லாருக்கும் கேக்காது, ஆனா சுணங்கினா வடி தழும்பாகிரும். அடுத்த கிளினிக் வரைக்கும் இருக்காம இப்பவே கேளுங்க. யூரின் புரதம்–கிறியற்றினின் ரிப்போட் எல்லாத்தையும் திகதிப்படி அடுக்கிக் கொண்டுபோங்க.

களுவாஞ்சிக்குடி அக்கா:
சிக்காகோ கதையை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னா. மாமாக்கும் அவவே சொல்லிற்றா, மாத்திரை நிக்காது எண்டு. நேர்ஸ் அக்கா, பிளாஸ்மா மாத்தினா கூட ஆள் நிக்க விடுவாங்களா? தம்பி தனிய இருக்கப் பயப்படுறான்.