‘கேரியோவர்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிஎத்திலீன் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: கேரியோவர்.

விஷயம் இதுதான். உயர் அழுத்த முறையில் எத்திலீனை 1,000 முதல் 3,000 பார் வரையிலான அழுத்தத்தில் வினைபடுத்துகிறார்கள். அதில் பெரும்பகுதி வினைபடாமலே வெளியே வந்துவிடும். அழுத்தத்தைச் சுமார் 250 பாருக்கு இறக்கி, கலவையைப் பிரிகலனுக்குள் விட்டால் உருகிய பாலிமர் கீழே தங்கும், எத்திலீன் மேல்வாய் வழியாகப் போய்க் குளிர்ந்து திரும்ப அமுக்கிக்கு (கம்ப்ரஸர்) வரும். அப்படி மேலே போகும்போது கொஞ்சம் பாலிமரையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. அதற்குத்தான் சொல் வேண்டும். ‘எடுத்துச்செல்லல்’ என்று போட்டுப் பார்த்தேன். “பாலிமர் எடுத்துச்செல்லலைக் குறைத்தல்” என்று அத்தியாயத் தலைப்பு வந்தது. படிக்கிறவர் சரக்குப் போக்குவரத்து என்று நினைத்துக்கொள்வார்.

---

> அதற்குத்தான் சொல் வேண்டும்.

உடனிழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளிமம், அதாவது வாயு, தன்னுடன் இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ‘இழுவை’ இயற்பியலில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது, ‘ஈர்ப்பு’ பக்கம் போகவே முடியாது. ‘உடன்’ சேர்த்தால் குழப்பம் வராது.

---

தம்பி, உடனிழுப்பில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. இழுக்கிறவன் முன்னே போவான், இழுபடுவது பின்னே வரும். இங்கே துளி வளிமத்துக்குள்ளேயே மிதந்து போகிறது.

நம்மிடம் இதற்கு ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது. அகத்திணையில் உடன்போக்கு: தலைவி தலைவனோடு ஊரைவிட்டுப் போவது. ஆனால் அதை அப்படியே எடுக்கச் சொல்ல மாட்டேன். உடன்போக்கில் இருவரும் மனமொத்துப் போகிறார்கள், பாலிமருக்கு இதில் விருப்பம் ஏது? அதே துறைக்குத் தொல்காப்பியர் வைத்த பெயரைப் பாருங்கள்: கொண்டுதலைக்கழிதல். கொண்டுபோகிறவன் ஒருவன், கொண்டுபோகப்படுகிறவள் ஒருத்தி, இருவரும் இருந்த இடத்தைவிட்டு நீங்குகிறார்கள். எழுவாய், செயப்படுபொருள், நீங்கும் இடம் மூன்றும் ஒரே சொல்லில் அடக்கம். இதைச் சுருக்கி, ‘ஏகு’ (போ) என்ற வினையோடு கூட்டினால் கொண்டேகல். குற்றியலுகரம் கெட்டு எளிதாகப் புணர்கிறது, வினையாகவும் வளையும்: வளிமம் பாலிமரைக் கொண்டேகுகிறது.

---

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் நிற்கிறவள் நான். ‘ஏகினான்’ என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் அர்த்தம் கேட்பார்கள், ‘கொண்டேகல்’ என்றால் அதை எங்கே பிரிப்பது என்றே தெரியாது. “வெள்ளம் அடித்துச்சென்றது” என்று எல்லாரும் சொல்கிறோமே, இங்கே நடப்பதும் அதுதான். வேகம் கூடினால் அடித்துக்கொண்டு போகும், குறைந்தால் படிய விடும். அடித்துச்செல்லல் என்றால் விளக்கமே தேவையில்லை.

இன்னொன்று. கையேட்டில் எங்கேயாவது ‘ஆவி’ என்று எழுதியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். எத்திலீனின் மாறுநிலை வெப்பநிலை ஏறக்குறைய 9 டிகிரிதான். கலனுக்குள் 200 டிகிரிக்கு மேல். அங்கே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது, அதனால் அது ஆவி அல்ல. வளிமம் என்றே எழுதுங்கள்.

---

பாலிமர் என்றே எழுதப் போகிறீர்களா? பலபடி இருக்கிறது, பல்லுறுப்பி இருக்கிறது, இலங்கைப் பாடநூல்களில் பல்பகுதியம் இருக்கிறது. அடிப்படைச் சொல்லையே விட்டுவிட்டு அதன் வால்சொல்லுக்கு இத்தனை பேர் அலைகிறோம்.

---

பாலிமரை இப்போது தொட வேண்டாம் ஐயா, அந்த விவாதம் போன முறை இரண்டு மாதம் ஓடியது.

நான் பிரிகலன் பக்கத்திலேயே பல வருஷம் வேலை பார்த்தவன். சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பொருளைச் சரியாகப் பார்த்துவிடலாம். கேரியோவர் என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சங்கதிகளை.

ஒரு தடவை கூலரைக் கழற்றினோம். குழாய்க்குள் வெள்ளையாக மெழுகு படிந்திருந்தது, நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வந்தது. அதே மெழுகுக்குள் நூல்நூலாக நல்ல பாலிமர், இழுத்தால் அறாமல் நீண்டது. இரண்டும் ஒரே குழாயில் இருந்தாலும் வந்த வழி வேறு. நூலாக இருந்தது துளியாகப் பறந்து வந்தது. மெழுகு கலனைவிட்டுப் போகும்போது துளியே கிடையாது. அந்த அழுத்தத்தில் எத்திலீன் நல்ல கரைப்பான், சின்ன மூலக்கூறுகள் அதில் கரைந்தே போகும், கூலரில் குளிர்ந்த பிறகுதான் வெளியே வந்து ஒட்டும்.

இதைப் பிரிக்காவிட்டால் கையேட்டைப் படிக்கிறவன் தப்பான கைப்பிடியைத் திருப்புவான். துளியைத் தடுக்க வளிம வேகத்தைக் குறைக்கலாம், அகலமான கலன் வைக்கலாம், உள்வரும் குழாய் கலவையைக் கீழ்நோக்கி விடும்படி செய்யலாம், உருகிய பாலிமரின் மட்டத்தைத் தாழ்த்தி மேலே இடைவெளி விடலாம். மட்டத்தை ரொம்பத் தாழ்த்தவும் கூடாது, எத்திலீன் அடிவழியாகத் தாழ் அழுத்தக் கலனுக்குள் பாய்ந்துவிடும். ஆனால் இதில் எதைச் செய்தாலும் கரைந்து போகிற மெழுகு ஒரு கிராம் குறையாது. அதைக் குளிர்வித்து, அடுத்த கலனில் பிரித்து வடிக்கத்தான் முடியும். அதுவும் முடியாவிட்டால் அமுக்கிக்குள் போய்விடும்.

துளி ஏன் சுலபமாகப் படியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அங்கே எத்திலீன் காற்றுப் போல லேசானது இல்லை, ஒரு கன மீட்டர் 150 கிலோவுக்கு மேல் இருக்கும். அதற்குள் துளி விழ வேண்டும். சின்னத் துளிக்கு ஸ்டோக்ஸ் விதிதான்: விட்டம் பாதியானால் விழும் வேகம் கால்வாசி. கம்பிவலை வைத்துப் பிடிக்கவும் வழியில்லை, உருகிய பாலிமர் வலையையே அடைத்துவிடும்.

---

> ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சங்கதிகளை

இதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் கொண்டேகல் பொதுச்சொல்லாகட்டும், அதன்கீழ் இரண்டு வகை. கரைந்து போவது கரைந்தேகல். துளியாகப் போவது துமியேகல்.

‘துமி’ புரியுமா என்று அம்மா கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கம்பர் அந்தச் சொல்லை ஆண்டபோது ஒட்டக்கூத்தர் இது வழக்கில் உண்டா என்று கேட்டதாகவும், இடையர் தெருவில் மோர் கடைந்த ஒருத்தி பிள்ளைகளிடம் “தள்ளிப்போங்கள், துமி தெறிக்கும்” என்றதாகவும் ஒரு கதை உண்டு. அன்றைக்கே நடந்த வழக்கு இது. மத்திலிருந்து தெறிப்பதும் கொதிக்கும் உருகலிலிருந்து தெறிப்பதும் ஒரே செயல்தான்.

---

ஐயா, அந்தக் கதையில் கம்பருக்குச் சாட்சி சொன்னது தெருவில் புழங்கிய சொல். நானும் அதையேதான் கேட்கிறேன். துமியை ஏற்றுக்கொள்கிறேன், அது சின்னச் சொல், ஒருமுறை சொன்னால் நிற்கும். ஏகலை ஏற்க முடியவில்லை. துமி அடித்துச்செல்லல், மெழுகு கரைந்துசெல்லல். இரண்டிலும் ‘செல்லல்’ பொதுவாக இருக்கிறது, வேறுபாடு முன்சொல்லில் தெரிகிறது. வேறென்ன வேண்டும்?

---

உடனிழுப்பு என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அடித்துச்செல்லல் ஆறெழுத்துக்கு மேல் போகிறது, அட்டவணைத் தலைப்பில் உட்காராது.

---

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இனி தள்ளிப்போட முடியாது.

அத்தியாயத் தலைப்பை மாற்றிவிட்டேன்: “வளிமத்தோடு போகும் பாலிமரைக் குறைத்தல்”. உள்ளே ‘துமி அடித்துச்செல்லல்’, ‘கரைந்துசெல்லல்’ இரண்டையும் தனித்தனிப் பத்தியாக்கி, எதற்கு எந்த வைத்தியம் என்று எழுதியிருக்கிறேன். கூலரில் கண்ட மெழுகையும் நூலையும் உங்கள் வார்த்தையிலேயே சேர்த்திருக்கிறேன். முதலில் வருமிடத்தில் ‘கேரியோவர்’ என்பதையும் போட்டிருக்கிறேன், ஷிப்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான்கு பேர் இதற்குச் சரி என்றீர்கள்.

---

நான் சரி என்று சொல்லவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது கொண்டேகலை மறுபடியும் எடுப்பேன். அதுவரை ‘அடித்துச் செல்லல்’ என்று இடைவெளி விட்டு அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலைச்சொல்லாக வைத்தால் ஒரு சொல்லாகவே நிற்க வேண்டும்.