கிளீன் ரூம் இல்லாமல் போட்டோனிக் கிறிஸ்டல் செய்யலாமா?

இறுதியாண்டு_பௌதிகம்:
கொழும்பில் பௌதிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். செயற்றிட்டத்துக்குப் போட்டோனிக் கிறிஸ்டல் (ஒழுங்கான இடைவெளியில் மாறி மாறி வரும் அமைப்பால் குறித்த அலைகளை மறிக்கும் பொருள்) எடுத்திருக்கிறேன். ஒளியை மறிக்கச் சில நூறு நனோமீற்றர் இடைவெளியில் துளைகள் வேண்டும். அதற்குக் கிளீன் ரூம் (தூசி புகாத நுண்தயாரிப்பு ஆய்வுகூடம்) வேண்டும், இங்கே எங்கே போவது? சிமுலேஷனோடு முடித்துவிடவா?

வெள்ளவத்தை_லாப்காரன்:
வேண்டாம் தங்கச்சி, கையால் செய்யுங்கள். ஒளியை மட்டும் விட்டுவிட்டு, அலைநீளம் கூடிய நுண்ணலையில் (மைக்ரோவேவ்) செய்யுங்கள். ஒளிக்கும் நுண்ணலைக்கும் பொதுவான மக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குச் சிறிது பெரிது கிடையாது. எல்லா அளவுகளையும் சேர்த்துக் கூட்டினால் தடைப்பட்டை (அலை உள்ளே போக முடியாத அதிர்வெண் வீச்சு) அதே விகிதத்தில் நீண்ட அலைக்கு நகரும். 1991இல் யப்லோனோவிச் குழு முப்பரிமாணத் தடைப்பட்டையைக் காட்டியதே ஒரு மின்னுழைய (மின்கடத்தாப் பொருள்) கட்டியில் மூன்று திசைகளில் துளையிட்டுத்தான். அந்தத் தடைப்பட்டைக்குள் நுண்ணலை எந்தப் பக்கமும் போகவில்லை.

லாபில் பழைய எக்ஸ் பாண்ட் (10 கிகாஹேர்ட்ஸ் சுற்றுவட்ட) நுண்ணலை பெஞ்ச் கிடக்கிறதா பாருங்கள். 10 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 3 செ.மீ. துளைக்குப் பதிலாகக் கோல்களை வரிசையாக நிறுத்தலாம். அலுமினாக் (ஒரு பீங்கான் வகை) கோல் என்றால் விட்டம் சுமார் 4.5 மி.மீ., சதுர ஒழுங்கில் இடைவெளி (மையத்துக்கு மையம்) 11.4 மி.மீ. ஆனால் அலுமினா விலை கையைக் கடிக்கும். ஆய்வுகூடப் பொருள் கடையில் 5 மி.மீ. பொரோசிலிக்கேற் கண்ணாடிக் கலக்கிக் கோல் கேளுங்கள். இடைவெளி 12.5 மி.மீ. சுற்றுவட்டத்தில் வரும், தடைப்பட்டையைக் கணிக்கும் எம்பிபி (MPB) மென்பொருள் இலவசம், அதில் கணக்குப் பார்த்துவிட்டுக் குத்துங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்திக்) தகட்டில் நிறுத்தினால் போதும், நுண்ணலைக்கு அது கிட்டத்தட்டக் காற்றுத்தான்.

மின்புலம் கோல்களுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். அலைவழிகாட்டியின் (அலையைக் கொண்டுபோகும் செவ்வக உலோகக் குழாய்) குறுகிய பக்கம் எந்தத் திசையோ, மின்புலமும் அந்தத் திசை. அலையை அனுப்பும், வாங்கும் ஹோர்ன் (விரிந்த வாய் அன்டெனா) இரண்டையும் 90 பாகை திருப்பினால் தடைப்பட்டை காணாமல் போகும், அதையும் அளந்து வையுங்கள். அப்புறம், ஓரங்களால் அலை சுற்றிவந்து ஏமாற்றும். அலுமினியத் தகட்டில் சாளரம் வெட்டி முன்னால் வையுங்கள்.

அச்சுப்பெட்டி:
3டி பிரிண்டரில் பிஎல்ஏ (பிரிண்டர் பிளாஸ்திக்) கோல் அடித்தால் இன்னும் சுலபமே?

வெள்ளவத்தை_லாப்காரன்:
அச்சு அழகாக வரும், அளவீடு வராது. பிஎல்ஏவின் மின்னுழைய மாறிலி 3க்கும் கீழே. இந்தக் கண்ணாடிக்கு 4.6, அலுமினாவுக்கு 9க்கு மேல். காற்றோடு வித்தியாசம் குறையக் குறையத் தடைப்பட்டை ஒடுங்கிவிடும்.

இறுதியாண்டு_பௌதிகம்:
சரி அண்ணா, கண்ணாடிக்கோல்தான். ஒரு வரைபு மட்டும் போதுமா என்று சூப்பர்வைசர் கேட்பார்.

வெள்ளவத்தை_லாப்காரன்:
நடுவில் ஒரேயொரு கோலை உருவிவிட்டு மறுபடி அளவுங்கள். தடைப்பட்டைக்குள்ளே ஒரு கூரான உச்சம் எழும்பினால் அதுதான் குழிவு (அலை அடைபட்டு ஒத்திசையும் இடம்) வேலை செய்வதற்கு அடையாளம், சூப்பர்வைசருக்கு அது போதும். அலையைச் செங்கோணத்தில் திருப்பும் வேலையை 1998இல் அலுமினாக் கோல்களில் செய்து காட்டினார்கள். கண்ணாடியில் அலை வெளியே ஒழுகுவது அதிகம், அதற்கு இப்போது ஆசைப்படாதீர்கள்.