ஓபி (புறநோயாளி) வரிசையைக் கணக்கு போட்டுக் குறைக்க முடியுமா?

மண்டபம் செல்வன்:
போன மாதம் அம்மாவைச் சர்க்கரை மாத்திரைக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். காலை 7 மணிக்குச் சீட்டு வரிசையில் நின்றோம். மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மணி 12.40. இதில் டாக்டர் பார்த்தது மூன்று நிமிடம், ரத்தம் எடுத்தது இரண்டு நிமிடம். அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். அப்படியும் அம்மாவுக்கு ஒரு பகல் போய்விட்டது.

நான் படித்தது ஆபரேஷன்ஸ் ரிசர்ச். அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருக்கிற ஆள், இடம், நேரம் மூன்றையும் எப்படிப் பங்கிட்டால் வேலை நன்றாக நடக்கும் என்று கணக்குப் போடும் படிப்பு. வரிசைக் கணக்கை 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் தொடங்கி வைத்தார். அந்தக் கணக்கின்படி, ஒருவருக்குச் சராசரியாக 3 நிமிடம் என்றால் ஒரு டாக்டர் மணிக்கு 20 பேரைப் பார்க்கலாம். ஆனால் ஆட்கள் வருவதும் டாக்டர் பார்க்கும் நேரமும் சீராக இருக்காது என்பதால், மணிக்கு 16 பேர் வந்தாலே சராசரியாக 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். 18 பேர் வந்தால் 27 நிமிடம். 19 பேர் என்றால் 57 நிமிடம்! கூடியது மூன்றே பேர், காத்திருப்போ ஐந்து மடங்கை நெருங்குகிறது. திருப்பிப் பார்த்தால், நெரிசலான மணியிலிருந்து மூன்று பேரை வேறு நேரத்துக்கு நகர்த்தினாலே பெரிய நிம்மதி கிடைக்கும். சர்க்கரை, பிரஷர் ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள், யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பதியுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வார்டு விளக்கு:
தம்பி, நான் 14 வருடமாக அரசு செவிலியர். உங்கள் அம்மா நின்ற அதே மாதிரி வரிசையை எதிர்ப்பக்கத்திலிருந்து தினமும் பார்க்கிறேன். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அது ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள் என்று நம்புகிற கணக்கு. எங்களிடம் அப்படி யாரும் வருவதில்லை. காலை முதல் பஸ் வந்து நிற்கும், அதிலிருந்து ஐம்பது பேர் ஒரே மூச்சில் இறங்குவார்கள். 11 மணிக்கு என்று நேரம் எழுதிக் கொடுத்தாலும், சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர் அந்தப் பஸ்ஸில்தானே வர வேண்டும்?

இன்னொன்று. ஒரு ஷிஃப்டில் நான் எழுதுகிற ரிஜிஸ்டர்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். அதே விவரத்தைக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். நேரத்தையும் பதிவு செய் என்றால் அதுவும் என் கையில்தான் விழும், அந்த நேரம் ஒரு நோயாளியிடமிருந்துதான் போகும். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி நிற்கிறேன். முதலில் ஆள் போடுங்கள், அப்புறம் கணக்கு பேசலாம்.

மண்டபம் செல்வன்:
அக்கா, ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எத்தனை ஆள் குறைகிறது என்று நிரூபிக்கவும் கணக்கு வேண்டும் என்கிறேன். கணக்கு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, எந்த மருந்து எவ்வளவு போனது என்று பார்த்து வாங்கினார்கள். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. டாக்டர் ஒரு மேசையில் கண்புரையை எடுத்து முடிப்பதற்குள் அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். அந்த ஒழுங்கால்தான் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முடிந்தது.

வார்டு விளக்கு:
அரவிந்தை நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் கண்புரை நாள் குறித்து வரும் தம்பி. பிரசவ வலி நாள் குறித்து வராது, பாம்புக்கடியும் வராது. லேபர் வார்டில் ஒரு பெட் காலியாக இருந்தால் அது வீண் இல்லை, இன்னும் வராத ஒருத்திக்காக வைத்தது. அந்தக் காலி பெட்டைத் தாளில் பார்க்கிறவர் ‘பயன்பாடு குறைவு’ என்று எழுதி எடுத்துவிடுவார். என் பயம் அதுதான்.

எண்ணை இலக்காக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவர் 4 மணி நேரத்துக்குள் அங்கிருந்து வார்டுக்கோ வீட்டுக்கோ போய்விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது உண்மை. கூடவே, நாலு மணி நேரம் முடியப் போகிற கடைசி நிமிடங்களில் மட்டும் ஆட்கள் குவியலாக நகர்த்தப்பட்டதும் பதிவுகளிலேயே தெரிந்தது. நோயாளிக்காக நகர்த்தினார்களா, கடிகாரத்துக்காக நகர்த்தினார்களா?

மண்டபம் செல்வன்:
காலி பெட் விஷயத்தில் கணக்கு உங்கள் பக்கம்தான் அக்கா. 19 பேருக்கு 57 நிமிடம் என்று நான் சொன்னதன் அர்த்தமே அதுதான். எதையும் முழுக்க நிரப்பி வைத்தால் வரிசை வெடிக்கும், கொஞ்சம் காலி இருந்தே ஆக வேண்டும். ‘பயன்பாடு குறைவு’ என்று எழுதுகிறவர் இந்தப் படிப்பைப் பாதியில் விட்டவர். நான் நேரத்தைப் பதியச் சொல்வது யாரையும் தண்டிக்க இல்லை.

தொண்டித்துறை:
சரி, ஆம்புலன்ஸுக்கு வருவோம். வண்டிகளை எங்கே நிறுத்தினால் அதிகம் பேரைக் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் எட்டலாம் என்று சர்ச், ரெவெல் என்ற இருவர் 1974-ல் ஒரு முறை கொடுத்தார்கள். அதிலும் ‘அதிகம் பேர்’ என்ற சொல்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் போட்டால் வண்டிகள் ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் போய் நிற்கும், ஜனம் அங்கேதானே நெருக்கம். கடற்கரைக் குப்பங்கள் ‘எட்டாத சிலர்’ கணக்கில் விழுந்துவிடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குச் சுமார் 55 கிலோமீட்டர். மேல்சிகிச்சைக்கு மதுரை என்றால் அதற்கு மேல் நூறுக்கும் அதிகம். 2022-ல் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, நல்லது. ஆனால் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தூரம் குறையவில்லை. சராசரியைக் குறைப்பவர்கள் எங்களை மறைத்துவிடுவார்கள்.

மண்டபம் செல்வன்:
அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நீங்கள் சொல்வது நடக்கும் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘மிகத் தூரத்தில் இருப்பவருக்கு எவ்வளவு நேரம்’ என்பதைக் குறைக்கவும் தனி முறை உண்டு. எதைக் குறைப்பது என்று கணக்கு முடிவு செய்வதில்லை. அதைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் குப்பத்து ஆளும் இருக்க வேண்டும்.

பாசிக்காரி மகள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுப்பவர். பாறை கிழித்து விரலில் புண் ஆறாமலே இருக்கும். நீர் வற்றுவதைப் பார்த்துத்தான் அம்மா கடலில் இறங்குவார். அந்த நாளில் ஆஸ்பத்திரியில் நேரம் குறித்துக் கொடுத்தால் போக மாட்டார், ஒரு நாள் பாசி போனால் ஒரு நாள் சோறு போச்சு. இந்தப் பக்கம் மீன்பிடிக்கக் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. எந்த நாளில் யார் கரையில் இருப்பார்கள் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சர்க்கரை கிளினிக்கை எந்தக் கிழமை வைக்கலாம் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. கடல் காலண்டரை ஓபி காலண்டரோடு சேர்த்து வைத்துப் பார்க்கப் பெரிய மென்பொருள் வேண்டுமா?

வார்டு விளக்கு:
வேண்டாம்மா. எங்கள் ஓபி ரிஜிஸ்டரே போதும். படகு போகாத நாளில் கூட்டம் கூடுவதை நானும் கவனித்திருக்கிறேன், ஆனால் டியூட்டி போடும்போது அதை யாரும் பார்ப்பதில்லை, திங்கள் முதல் சனி வரை ஒரே ஆள் கணக்குதான். செல்வன் தம்பி, கூட்டம் எப்போது என்று தெரிந்து ஆள் போடுவார்கள் என்றால் உங்கள் கணக்கு எனக்கும் வேண்டும். ஆள் பற்றாக்குறையை மூடி மறைக்க அதைப் பயன்படுத்தினால் நான் எதிர்ப்பேன், அதில் மாற்றமில்லை.

அடுத்த இரண்டு வாரம் ஒரு நாளைக்கு இருபது சீட்டில் மட்டும் மூன்று நேரம் குறிக்கிறேன். சீட்டு வாங்கியது, டாக்டர் பார்த்தது, மாத்திரை வாங்கியது. பெயர் எழுத மாட்டேன். எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

பாசிக்காரி மகள்:
நாலாவதாக ஒன்றையும் கேட்டு எழுதுங்கள் சிஸ்டர், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார்.

வார்டு விளக்கு:
எழுதுகிறேன்.