பெரிய வீடு குரூப்: மலையில மட்டும் மங்குற ஹெட்லைட்

அஸ்தம்பட்டி தம்பி: மாமா, மாருதி 800-ல மறுபடியும் பழைய கதை. அடிவாரம் வரைக்கும் ஒண்ணுமில்ல. ஏற்காடு கொண்டை ஊசி வளைவு ஏற ஆரம்பிச்சா ஹெட்லைட் மங்கி மங்கி வருது, வைப்பர் இழுத்துக்கிட்டு ஓடுது, ஹாரன் முனகுது. பேட்டரி புதுசு, டைனமோவும் மாத்திட்டாங்க.

செவ்வாய்ப்பேட்டை மாமா: இனி எதையும் மாத்தாத சாமி. லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுதா?

அஸ்தம்பட்டி தம்பி: ஆமா மாமா! அணைச்சா இறங்கிடுது. பெட்ரோல் முள் அசையல.

செவ்வாய்ப்பேட்டை மாமா: அப்ப இன்ஜின் எர்த்தா இருக்கும், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழி. டெம்பரேச்சர் சென்சாருக்கு எர்த் இன்ஜின்ல, பெட்ரோல் டேங்க்குக்கு பாடியில. ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுனா மீட்டர் போர்டு எர்த்தைப் பார்க்கலாம்.

ஏற்காடு பெரியப்பா: எனக்கென்னமோ ஃப்யூஸ் பாக்ஸ்னுதான் தோணுது. இங்க மழையிலயும் மூடுபனியிலயும் நின்ன வண்டிக்கெல்லாம் ஃப்யூஸ் மாட்டுற கிளிப் பச்சை பூத்துக் கிடக்கு.

செவ்வாய்ப்பேட்டை மாமா: ஒரு ஃப்யூஸ் போனா அந்த ஒரு லைன்தானுங்க மச்சான் சாகும். இங்க மூணும் ஒண்ணா மங்குது.

ஏற்காடு பெரியப்பா: மெயின் ஃப்யூஸ் மூணுக்கும் பொதுதானே?

செவ்வாய்ப்பேட்டை மாமா: நியாயம்தான், அதையும் அளந்துடலாம். ஆனா ப்ளஸ் பக்கம் குறைஞ்சா முள் ஏறாதுங்களே. வளைவுல ஃபர்ஸ்ட் கியர்ல முறுக்கும்போது இன்ஜின் மவுண்டிங்ல சாயுது, இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் ஸ்ட்ராப் இழுபடுது. 20 வளைவுக்கும் 20 இழுப்பு.

அஸ்தம்பட்டி தம்பி: ஸ்ட்ராப்பை மல்டிமீட்டர்ல ஓம்ஸ் வெச்சுப் பார்த்தேன் மாமா, 0.3 தான் காட்டுச்சு.

செவ்வாய்ப்பேட்டை மாமா: மீட்டர் ஒயர் ரெண்டையும் முட்ட வெச்சுப் பாரு, அதுவே 0.2, 0.3 காட்டும். ஹெட்லைட் டிம்ல 55 வாட், ரெண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர் போகுது. வழியில 0.2 ஓம் இருந்தாலே 1.8 வோல்ட் அங்கயே தின்னுடும். ஸ்ட்ராப்ல நாலே நாலு இழை மிச்சம் இருந்தாலும் ஓம்ஸ் நல்லாருக்குன்னுதான் சொல்லும். லோடு கொடுத்து வோல்ட்டை அளக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: மீட்டரை டிசி 20-ல வை. இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் போடு. சிவப்பு முனை பாடியில பெயிண்ட் இல்லாத போல்ட்ல, கறுப்பு இன்ஜின்ல. 0.1, மிஞ்சிப்போனா 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அப்படியே ஸ்ட்ராப்பைக் கையால ஆட்டு, எண் குதிக்குதான்னு பாரு. அப்புறம் இன்ஜினை நிறுத்திட்டு ஸ்டார்ட் ஆகாம இருக்க இக்னிஷன் காயில் ப்ளஸ் ஒயரைக் கழட்டி செல்ஃப் மட்டும் அடி. அப்ப சிவப்பு இன்ஜின்ல, கறுப்பு பேட்டரி மைனஸ் முளையிலயே, கிளாம்ப்ல இல்ல. 0.5-க்கு மேல போனா அந்தப் பாதையும் கெட்டிருக்கு.

அத்தை: வேட்டியோட குனியாதடா, ஃபேன் பெல்ட் இருக்கு.

அஸ்தம்பட்டி தம்பி: பேன்ட்தான் அத்தை 😄 மாமா, சும்மா இருக்கும்போது 0.18. ஸ்ட்ராப்பை ஆட்டினா 1.1! செல்ஃப் அடிக்கும்போது 0.3 தான்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: மாட்டிக்கிச்சு. பேட்டரியில இருந்து இன்ஜினுக்குப் போற ஒயர் நல்லாருக்கு, பாடி ஸ்ட்ராப்தான் வேலை காட்டுது. ஜம்பர் கேபிள்ல ஒண்ணை எடுத்து ஒரு முனை இன்ஜின்ல, இன்னொண்ணு பாடியில கடி.

அஸ்தம்பட்டி தம்பி: லைட் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஆட்டினாலும் 0.05. பெரியப்பா சொன்ன மெயின் ஃப்யூஸ்ல 0.08.

ஏற்காடு பெரியப்பா: சரி, தோத்தேன். இருந்தாலும் ஃப்யூஸைப் பிடுங்கி, கிளிப்ல செருகுற அதோட காலைப் பாரு. பழுப்பா இருந்தா கிளிப் லூஸாகிச் சூடேறிருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத, மேல் பூச்சு போயிட்டா சீக்கிரம் பூத்துடும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, கிளிப்பை லேசா நெருக்கி விடு.

செவ்வாய்ப்பேட்டை மாமா: ஸ்ட்ராப்புக்கு 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், வளையுற ரகமா வாங்கு. இன்ஜின் சாயுறதுக்கு இடம் விட்டு நாலு விரல் தொய்வா வெட்டு, விறைப்பா மாட்டினா இதுவும் அறுந்துடும். ஒயர் முனையில மாட்டுற லக்கை கிரிம்பிங் டூல்லதான் அமுக்கணும், சுத்தியலால தட்டாத. பாடியில போல்ட் உக்கார்ற வட்டத்தை வெள்ளைத் தகரம் தெரியுற வரை சுரண்டு, பல்லு வாஷர் போட்டு முடுக்கு. வாஸ்லின் முடுக்கின பிறகு மேலதான், லக்குக்கு அடியில பூசாத.

ஏற்காடு பெரியப்பா: மாட்டிட்டு குப்பனூர் வழியா வராத, வளைவு கம்மி. கோரிமேடு வழியாவே ராத்திரி ஏறி வா, லைட் போட்டு முள்ளைப் பாரு.