பைக்குக்கு ரீட்ரெட் டயர்: வாங்கலாமா, கூடாதா?

மழைச்சாலை

பின்சக்கர டயரின் நடுப்பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) வழுவழுவென்று ஆகிவிட்டது. புது டயர் விலையில் பாதிக்கும் கீழே ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றியது) கிடைக்கிறது. வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். 125 சிசி வண்டி. வேலைக்குப் போய்வரும்போது தனியாக ஓட்டுவேன். விடுமுறை நாளில் மனைவியும் குழந்தையும் உடன் வருவார்கள். லாரியிலும் பஸ்ஸிலும் ஓடுகிற ரீட்ரெட் பைக்கில் மட்டும் ஏன் ஓடாது? வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

நெடுவழி

வேண்டாம். காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

லாரியில் இன்று ஓடுபவை பெரும்பாலும் எஃகுக் கம்பி வைத்த ரேடியல் டயர்கள். மேல் ரப்பர் தேய்ந்தபின் மறுபடி ஒட்டி ஓட்டுவார்கள் என்ற கணக்கோடுதான் அவற்றின் கேசிங்கை, அதாவது மேல் ரப்பருக்கு அடியிலுள்ள டயரின் உடலை, செய்கிறார்கள். உங்கள் வண்டியின் டயரில் இருப்பது சில அடுக்கு நைலான் நூல், அதன்மேல் மெல்லிய ரப்பர், அவ்வளவுதான். லாரியின் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர். ஒன்றில் மேலே ஒட்டிய ரப்பர் பட்டை கழன்றால் மற்றது தாங்கிப் பிடிக்கும். பைக்கில் கழன்ற பட்டை செயினிலோ மட்கார்டிலோ சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓட்டுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை.

ரப்பர் பட்டறை

ரீட்ரெட் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். மக்கள் பயப்படுவது மோசமான வேலையைப் பார்த்து. பழி விழுவது முறையின் மேல்.

ஒழுங்காகச் செய்கிற இடத்தில் டயர் வந்ததும் முதல் வேலை பரிசோதனை. உள்பக்கத்தை விரித்து விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார்கள். நூல் அறுந்திருந்தால் விரலுக்கு ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். காற்றில்லாமல் ஓட்டிய டயரில் பக்கச்சுவரின் உள்ளே வட்டமாக ஒரு சுருக்கம் ஓடும். அந்தச் சுருக்கம் இருந்தால் டயர் திரும்பிப் போய்விடும், பேச்சே இல்லை. தேறியதில் பழைய பட்டனைச் சீவி, சொரசொரப்பாக்கி, பசை ரப்பர் வைத்து, அச்சில் (மோல்டில்) ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் வேகவைப்பார்கள். கந்தகம் ரப்பரின் மூலக்கூறுகளைப் பிணைத்துவிடும். சரியாக வெந்த ஒட்டைப் பிய்த்தால் ரப்பர்தான் கிழியும், ஒட்டு பிரியாது.

விமானச் சக்கரங்களுக்கே பலமுறை ரீட்ரெட் செய்கிறார்கள். நெடுஞ்சாலையோரம் கிடக்கிற லாரி டயர்த் துண்டுகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அந்தத் துண்டுகளில் புது டயருடையதும் இருந்தது, ரீட்ரெட்டினுடையதும் இருந்தது. சாலையில் கிடந்த பொருள் குத்தியது, காற்றுக் குறைந்து சூடேறியது ஆகியவைதான் பெரிய காரணங்கள். ஒட்டிய வேலையின் குறையால் போனவை குறைவு.

நெடுவழி

ஐயா, உங்கள் தொழிலறிவை மதிக்கிறேன். ஆனால் விமானம், லாரி என்று இரண்டையும் கொண்டுவந்து பைக்கின் தலையில் கட்டுகிறீர்கள். விமான டயரின் உள்ளே பிரிந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. அந்தச் செலவு அந்த டயருக்குக் கட்டுப்படியாகும். பைக் டயருக்கு யார் செய்வார்கள்? ஒருவர் கண்ணும் விரலும்தான் மொத்தப் பரிசோதனை. அவர் களைத்துப்போன மாலை நேரத்தில் வந்த டயர் என் வண்டிக்கு வந்தால்?

வடிவத்தையும் பாருங்கள். லாரி டயரின் மேற்புறம் தட்டை. பட்டையை ஒரு பக்கமாக வளைத்துச் சுற்றினால் போதும். பைக் வளைவில் சாய்ந்து ஓடுவதற்காக அதன் டயர் குறுக்கேயும் வளைந்திருக்கிறது. தட்டையான பட்டையை அதன்மேல் இழுத்து ஒட்டினால் ஓரங்களில் இழுவிசை தங்கிவிடும். வண்டி சாயும்போது தரையில் படுவது அந்த ஓரம்தான்.

இன்னொன்று. ரீட்ரெட் கார் டயருக்கு ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 108ஆம் விதிமுறை இருக்கிறது. வணிக வாகன ரீட்ரெட்டுக்கு 109. புதிய பைக் டயருக்கு 75. ரீட்ரெட் செய்த பைக் டயருக்கு அந்த வரிசையில் ஒன்றும் இல்லை. எந்த அளவுகோலில் தேறியது என்று சொல்ல முடியாத பொருளை வாங்கச் சொல்கிறீர்கள்.

ரப்பர் பட்டறை

பட்டை ஒட்டும் முறை பைக் டயருக்கு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அச்சில் வேகவைப்பதைச் சொன்னேன். அதில் வளைவு அச்சிலிருந்தே வருகிறது, இழுத்து ஒட்டுகிற வேலையே இல்லை. விதி இல்லாததால் எல்லாமே கெட்டது என்ற முடிவுக்கு வரவும் முடியாது.

அளவுகோல்

இருவரும் டயர் கழன்று வருமா என்பதையே பேசுகிறீர்கள். அது அபூர்வமாக நடப்பது. பிரேக் தினமும் பிடிக்கிறோம், அதைப் பேசுவோம்.

60 கி.மீ. வேகத்தில் வண்டி வருகிறது. பிடிமானக் கெழு (டயர் சாலையைப் பற்றும் அளவு) 0.7 கிடைக்கும் டயராக இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். அதே சாலையில் 0.5 மட்டுமே கிடைத்தால் 28 மீட்டர். இரண்டு கார்கள் நிற்கிற நீளம் கூடுதலாகப் போகிறது. முன் பின் இரண்டும் அதே பிடிமானம் கொடுத்தால் வரும் கணக்கு இது. பின் டயர் மட்டும் மோசம் என்றால் வித்தியாசம் குறையும். ஆனால் ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் ஓடும், அதை அடக்குவது பழகாத கைக்குக் கடினம்.

விலை குறைந்த ரீட்ரெட்டில் போடுவது பெரும்பாலும் கெட்டியான ரப்பர், நாள்பட உழைக்க வேண்டும் என்பதற்காக. கெட்டி ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. மழைச்சாலை நண்பர் தம் பெயரிலேயே மழையை வைத்திருக்கிறார், இதை யோசிக்கட்டும்.

சின்னச் சக்கரம்

ஸ்கூட்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 10 அங்குல ரிம் உள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு 700 முறைக்கு மேல் சுற்றுகிறது. 18 அங்குல ரிம் என்றால் 500 சொச்சம். ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிர்கிறது. அதே தூரத்தில் சின்ன டயரின் நூல் அதிகமாகக் களைத்துவிடும். பழைய கேசிங்கை அதில் மறுபடி ஓட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ரப்பர் பட்டறை

அளவுகோல் சொன்ன கணக்கு சரி. ஆனால் பெயர் தெரியாத மலிவான புது டயரிலும் அதே கெட்டி ரப்பர்தான் இருக்கிறது. கடைப் பரணில் ஆறேழு ஆண்டு காய்ந்த புது டயரும் அப்படித்தான். "புதியது" என்ற ஒட்டுத்தாள் பிடிமானம் கொடுக்காது.

என் வாதம் இதுதான்: உங்கள் சொந்த டயர், நீங்களே காற்று பார்த்து ஓட்டியது, பஞ்சர் இல்லாதது, ஐந்து ஆண்டுக்குள் உள்ளது. அதைக் கொடுத்து, அதையே திரும்ப வாங்கி, மெதுவாகச் சுமை இழுக்கிற வண்டியின் பின்சக்கரத்தில் போடுங்கள். அதில் தவறில்லை என்று எங்கேயும் சொல்வேன். டயரின் எடையில் பெரும்பகுதி கேசிங்தான். நன்றாக இருப்பதைக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. முன்சக்கரத்தில் மட்டும் ஒருபோதும் கூடாது.

நெடுவழி

அப்படியானால் நமக்குள் இடைவெளி குறைவு. கடையில் அடுக்கி வைத்திருப்பது யாரோ ஓட்டிய டயர். அதைத்தான் இவர் வாங்கப் போகிறார்.

மழைச்சாலை

இருவருக்கும் நன்றி. கடையில் காட்டிய டயரில் பட்டன் கூர்மையாக, புதிதுபோலவே இருந்தது. பழைய டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

ரப்பர் பட்டறை

உண்டு. அதற்கும் ரீட்ரெட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது பச்சை ஏமாற்று. பள்ளத்துக்குள் பாருங்கள். அச்சில் வந்த பள்ளத்தின் அடி வழவழப்பாக, ஓரம் சற்றே உருண்டிருக்கும். தேய்மானக் குறியாகச் சின்ன மேடுகள் நடுநடுவே நிற்கும். சூட்டுக்கத்தியால் வெட்டியதில் அந்த மேடுகளும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும், ஆழம் இடத்துக்கு இடம் மாறும். சில இடத்தில் அடியில் நூலின் வரி தெரியும். தெரிந்தால் அந்த டயரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரீட்ரெட்டாக இருந்தால், பட்டனும் பக்கச்சுவரும் சேரும் கோட்டில் நகத்தை வைத்துச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது நகம் உள்ளே போனால் ஒட்டு எழும்புகிறது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அது கேசிங் பிறந்த நாள். ரீட்ரெட் செய்த நாள் வேறு. அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டாம், எழுந்து வாருங்கள்.

அளவுகோல்

சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 52 என்றால் அந்த டயர் தாங்கும் சுமை 200 கிலோ. இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, வண்டியின் எடை எல்லாம் சேர்ந்தால் பின்சக்கரத்தில் 170 கிலோவைத் தாண்டுவது எளிது. அந்த 200 கிலோ, கேசிங் புதிதாக இருந்தபோது கொடுத்த வாக்கு. பழைய நைலான் கேசிங் ஓடியோடிச் சற்று விரிந்தும் இருக்கும்; மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மழைச்சாலை

கடையில் போய்ப் பார்த்தேன். நான்கு இலக்கம் இருக்க வேண்டிய இடம் தேய்த்து மழுங்கியிருந்தது. வாங்கவில்லை. பின்சக்கரத்துக்குப் புது டயரே போடுகிறேன், டியூபையும் சேர்த்து மாற்றுகிறேன். பழைய டயர் நான்கு ஆண்டுதான் ஆகிறது, பஞ்சர் இல்லை. அதைத் தூக்கி எறியவா, வைத்திருக்கவா?

ரப்பர் பட்டறை

எறியாதீர்கள். உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். பக்கச்சுவரை விரித்துப் பிடித்து எடுங்கள். சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

நெடுவழி

சுருக்கம் இல்லை என்றாலும், மனைவியும் குழந்தையும் ஏறுகிற வண்டிக்கு அது வேண்டாம் என்பதே என் பதில்.